துடைக்காத இடம்

“பெட்டியின்ரை நினைவகத்தை முழுசாய்ப் பிரதி எடுத்து எனக்குத் தாங்கோ, லவன் அண்ணை. அதை நிப்பாட்டுறதுக்கு முதல்.”

கேட்டுவிட்டேன்.

இதைக் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே எனக்குச் சொன்னவர் இதே லவன் அண்ணைதான். “லீவு கேளும், சம்பளம் கூட்டிக் கேளும், என்ரை கதிரையையும் கேளும். ஓடிக்கொண்டிருக்கிற பெட்டியின்ரை நினைவகத்தை மட்டும் கேட்கப்படாது, நிமலினி. அதுக்குள்ளை எல்லாற்றை எல்லாமும் கிடக்கும். அது கொம்பனியின்ரை.” அம்மா அதையே வேறு மாதிரிச் சொல்லியிருந்தா: “மேலை இருக்கிறவையிட்டை ஒண்டும் கேட்டு நிக்காதை. தந்ததை வாங்கிக்கொண்டு வா.” எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்தப் பட்டம் அம்மாவுக்கு இரவல் நகை மாதிரி. எப்போது திருப்பிக் கேட்பார்களோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

லவன் அண்ணை கையிலிருந்த பிளேன்ரீக் கோப்பையை மேசையில் வைத்தார். ஊர்காவற்றுறையில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தின் உள்ளறை அது. மேசையில் எங்கள் கொம்பனி செய்த பெட்டி இருந்தது. ஒரு இறாத்தல் பாண் அளவுதான், ஒரு கையால் தூக்கலாம். அதிலிருந்து ஒரு வயர் கூரைக்குப் போகிறது, இன்னொன்று முன்னறைச் சுவரில் உள்ள திரைக்கு. கடலில் நிற்கும் நாற்பத்துமூன்று படகுகளின் செய்தியும் இதற்குள்தான் வரும்.

“ஆறு மணிக்குப் புது மென்பொருள் ஏத்தவேணும்,” என்றார். “நிப்பாட்டித்தான் ஏத்தலாம். நிப்பாட்டினால் உள்ளை இருக்கிறது போயிடும். உலகத்திலை இருக்கிற எல்லாப் பெட்டிக்கும் அதுதானே விதி. இதிலை அழுகிறதுக்கு என்ன கிடக்கு?”

“நான் அழேல்லை.”

“அழுறதுக்கு முதல் முகம் இப்பிடித்தான் இருக்கும். எனக்கும் ரெண்டு தங்கச்சிமார்.”

“பிலிப்பண்ணை கூப்பிட்டவர். அது இதுக்குள்ளை கிடக்கு. எனக்கு அது வேணும்.”

அவர் கதவைப் பார்த்தார். முன்னறையில் பெண்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

பிலிப்பண்ணை தனியே கடலுக்குப் போய்த் திரும்பாமல் இன்றைக்கு இருபத்தைந்து நாள். அவருடைய படகு கவிழ்ந்தபடி மிதந்து வந்து அகப்பட்டது. ஆள் இல்லை. பத்து நாளில் கொம்பனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது: உதவிப் பொத்தான் அழுத்தப்படவில்லை, உபகரணம் பாவிக்கப்படவில்லை. அதை வாசித்து ஏற்றுக்கொண்டதாக அவருடைய மனுசி ஜொய்சியக்கா கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் விசயம் முடிந்தது. பொத்தான் கைக்குக் கிட்ட இருந்தும் அமத்தாமல் செத்தவர் என்று எழுத்தில் நிற்கும். ஊருக்கு அந்தக் கடிதமே போதும். “வெறியிலை கிடந்திருப்பான்” என்று சந்தைக்குள் கதைத்தார்கள். பிலிப்பண்ணை குடிப்பதை விட்டு ஏழு வருசம். அதைச் சொன்ன ஆட்களுக்கும் அது தெரியும்.

ஒவ்வொரு படகிலும் கொம்பனி பூட்டிய சின்னப் பெட்டி ஒன்று. அதில் இரண்டு பொத்தான். ஒன்று சுகம். மற்றது உதவி. சுகத்தை அமத்தினால் படகு இலக்கம், ஆளின் பெயர், சுகம் என்ற சொல், அவ்வளவும் இங்கே திரையில் விழும். உதவியை அமத்தி ஒரு காரணத்தைத் தேர்ந்தால் அவற்றோடு நிற்கும் இடமும் அந்தக் காரணமும் சேர்ந்து நீளமாக விழும்.

கோயிலில் பின்னேர மணி அடிக்கும் நேரம் எல்லோரும் சுகத்தை அமத்துவது எங்கள் ஊர் வழக்கம். கொம்பனியின் கைநூலில் அப்படி ஒன்றும் இல்லை. அதைத் தொடக்கியவ ஜொய்சியக்கா. “நாங்கள் இஞ்சை செபம் சொல்லேக்கை அவங்கள் அங்கை ஒருக்கா அமத்தட்டும். செபத்துக்குப் பதில் வந்த மாதிரி இருக்கும்,” என்று மனுசனுக்குச் சொல்ல, அவர் கரையில் நின்று மற்றவர்களுக்குச் சொல்ல, ஒரு மாதத்துக்குள் நாற்பத்துமூன்று படகும் அப்படியே செய்தன. மணிக்கு முதலே பெண்கள் இங்கே வந்து திரைக்கு முன் நின்று செபம் சொல்வார்கள். தன் வீட்டுப் பெயர் விழுந்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உலை வைக்கப் போவார்கள்.

பிலிப்பண்ணை போன மூன்றாம் நாள், அதே நேரம், திரையில் இப்படி விழுந்தது:

படகு 07 ஜெகதீஸ் சுகம் 9.47 79.61 தண்ணி ஏறுது

ஜெகதீஸின் மனுசி குளறிக்கொண்டு கரைக்கு ஓடினா. விடியும்வரை அங்கேயே குந்தியிருந்தா. காலமை ஜெகதீஸ் மீனோடு வந்து இறங்கி, “நான் சுகம் எண்டுதானேயடி அமத்தினனான்? அதுக்குமேலை என்னத்தை அமத்த?” என்று அவவைப் பேசினான். படகில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மறுநாள் பின்னேரம் வேறொரு படகின் பெயருக்குப் பின்னால் அதே வால். அடுத்த நாள் இல்லை. அதற்கடுத்த நாள் மரியநாதனின் பெயருக்குப் பின்னால்: சுகம் 79.61 தண்ணி ஏறுது. ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பிலிப்பின் ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்தில் நின்று தண்ணீரைச் சொல்கிறது. சுவாமியார் மரித்தோருக்காகப் பூசை வைத்தார். பூசை முடிந்த அன்றும் வந்தது. சிலர் சுகம் அமத்துவதையே விட்டுவிட்டார்கள். தங்கள் பெயரோடு அவர் ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்ற பயம்.

ஜொய்சியக்கா திரைப் பக்கம் வரவில்லை. ஒருநாள் என்னைத் தண்ணீர்த் தாங்கியடியில் மறித்தா.

“பிள்ளை, நீ படிச்சனி. அவர்தானோ அது?”

“தெரியேல்லை அக்கா.”

“அவராய் இருந்தால் ஏன் மற்றாக்களின்ரை பேரிலை வாறார்? என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்னவாம்?”

நான் வீட்டுக்குப் போய் ஒரு கொப்பியை எடுத்தேன். திரையில் விழுவதை வரிசையாக எழுதத் தொடங்கினேன். ஐந்தாம் நாள் இருந்து எண்ணிப் பார்த்தேன். வால் வருவது ஒவ்வொரு அறுபத்துநாலாவது செய்தியிலும். பிந்தவும் இல்லை, முந்தவும் இல்லை.

ஆத்துமா அறுபத்துநாலுவரை எண்ணிக்கொண்டு நிற்காது. எண்ணுவது பெட்டி. அந்த அறுபத்துநாலை எழுதியது நான்.

கடலிலிருந்து வரும் செய்தியை ரேடியோச் சிப் முதலில் பிடித்து வைக்க அறுபத்துநாலு இடங்கள் ஒதுக்கியிருந்தேன். முதலாவதில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று, கடைசி முடிந்ததும் திரும்ப முதலாவது. அங்கிருந்து ஒவ்வொன்றையும் மேலே திரைக்கு அனுப்ப, நினைவகத்தில் புதிதாக ஒரு துண்டு இடம் வேண்டும். அதைத் தருவது கேர்னல், இயங்குதளத்தின் அடி மையம். இடம் வேண்டுமென்றால் எந்த மென்பொருளும் அதனிடம்தான் கேட்க வேண்டும். கேட்க இரண்டு முறை உண்டு. கிடைக்கும்வரை நிற்கிறேன் என்று கேட்கலாம். இப்போதே தா, இல்லையென்றால் இல்லையென்று சொல் என்று கேட்கலாம். ரேடியோ கதவைத் தட்டும் நேரத்தில் நிற்க முடியாது, அடுத்தது வந்துகொண்டிருக்கும். அதனால் எனது நிரல் இரண்டாவது முறையில் கேட்டது. இல்லை என்று பதில் வந்தால் அந்தச் செய்தியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்.

விடுவதென்றால் அழிப்பதில்லை. துடைக்க நேரம் செலவாகும், அதனால் யாரும் துடைப்பதில்லை. எழுத்து அங்கேயே கிடக்கும். அறுபத்துநாலு செய்தி கழித்து அதே இடத்தில் சின்னதாக ஒரு சுகம் வந்து விழுந்தால் முன்பாதி மறையும், பின்பாதி மறையாது. நான் நீளம் பார்க்காமல் முழு இடத்தையும் மேலே அனுப்பியிருந்தேன். பெட்டியைத் தொடக்கும்போது எல்லா இடமும் வெறுமையாக இருக்கும், சுகமும் எப்போதும் சின்னது, அதனால் அந்தப் பிழை ஒரு வருசம் கண்ணில் படவே இல்லை. நீளமான செய்தி ஒன்று வந்து உள்ளே கிடக்கும்வரை.

ஆகவே நீளமாக ஒன்று வந்திருக்கிறது. சுகத்தை அமத்தினால் இடமும் காரணமும் வராது. தண்ணீர் ஏறுகிறது என்று கடலில் நின்று ஒருவர் அமத்தியிருக்கிறார். திரும்பி வராதவர் ஒருவர்தான்.

ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட நீளமான பெயர் அந்த இடத்தில் வந்து விழும்போது வால் இன்னும் கொஞ்சம் அழிந்தது. குலசிங்கம் விழுந்த அன்று: 61 தண்ணி ஏறுது. சூசைப்பிள்ளை விழுந்த அன்று: ண்ணி ஏறுது. கொப்பியில் நாளுக்கு நாள் அது குறைந்துகொண்டு போனது. பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் பெட்டியின் கடவுச்சொல் இல்லை. முழு நினைவகத்தையும் பிரதி எடுக்கும் அதிகாரம் லவன் அண்ணையிடம்தான். கேட்காமல் பத்து நாள் இருந்தேன். அம்மா சொன்னபடி, தந்ததை வாங்கிக்கொண்டு.

“இந்தாங்கோ,” என்று கொப்பியை அவர் முன்னால் விரித்தேன். “ஒவ்வொரு அறுபத்துநாலுக்கும் வருது. எண்ணிப் பாருங்கோ.”

அவர் எண்ணினார். விரலால் கீழே கீழே போனார். இரண்டாவது பக்கத்தில் விரல் நின்றது. அவருக்கு விளங்கிவிட்டது. ஆள் கெட்டிக்காரர்.

“உங்கடை சனம் பேய் எண்டு கத்திக்கொண்டு திரிஞ்சது நல்லதாய்ப் போச்சு,” என்றார் மெதுவாக.

“எங்கடை சனம் எண்டால்?”

“சரி, ஊர்ச் சனம். உடனை சண்டைக்கு வராதையும்.” கொப்பியை மூடினார். “இது உம்மடை கையெழுத்து. திரையைப் போனிலை படம் பிடிச்சும் வைச்சிருப்பீர். அதையும் ஆரும் செய்யலாம். இதை வைச்சு என்னத்தை நிறுவப் போறீர்?”

“அதுக்குத்தான் பிரதி கேக்கிறன். நீங்கள் எடுத்துத் தந்தால் அதை ஒருத்தரும் பொய்யெண்டு சொல்ல ஏலாது.”

“எடுத்துத் தந்தால் என்ன தெரிய வரும் எண்டு யோசிச்சனீரோ? அந்தப் பகுதி ஆர் எழுதினது? கீழை ஆற்றை பேர் கிடக்கு?”

“என்ரை.”

“இடம் கிடைக்காட்டிக் கேர்னல் எச்சரிக்கை எழுதும். எழுதினதோ? இல்லை. ஏன்? எழுதாதை எண்டு நிரலிலை ஒரு சொல் போட்டிருக்கு. அது ஆர் போட்டது?”

“போடச் சொன்னது நீங்கள்.”

“சொன்னதுக்கு எழுத்திலை ஏதும் இருக்கோ?”

இல்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கொம்பனியைப் பார்க்க ஆட்கள் வர இருந்தார்கள். பதிவேட்டில் அந்த எச்சரிக்கை வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. “உதைக் கண்டால் பெட்டி பழுது எண்டு நினைப்பினம், வாயை மூடும் அதுக்கு,” என்று முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னார். ஒரு சொல்தான். நான் போட்டேன். அப்போது வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். ஏன் இடம் கிடைக்கவில்லை என்று தேடாமல், கிடைக்கவில்லை என்று கத்துவதை நிப்பாட்டினேன். திரும்பிப் பார்த்து அவருடைய முகத்தில் சந்தோசத்தைக் கண்டதும் எனக்கும் சந்தோசமாக இருந்தது. அதை இப்போது நினைத்தால் கை கூசுகிறது.

“அதையும் சொல்லுவன்,” என்றேன். “நான்தான் போட்டனான் எண்டு.”

“சொல்லும். பிறகு பிலிப்பின்ரை மனுசி கேப்பா, ஏன் தங்கச்சி அண்டைக்கு இடம் இல்லாமல் போனது எண்டு. அதுக்கு என்ன சொல்லுவீர்?” அவர் குரலைத் தாழ்த்தினார். “கோயில் மணிக்கு நாப்பத்துமூண்டு படகு ஒரே நிமிசத்திலை அமத்தினது, அதுக்குள்ளைதான் பிலிப்பின்ரை உதவியும். ஆர் அந்தப் பழக்கத்தைத் தொடக்கினது? போய் அவவின்ரை முகத்தைப் பார்த்துச் சொல்லும்: அக்கா, நீங்கள் தொடக்கின செபத்திலைதான் உங்கடை மனுசன்ரை சத்தம் அமுங்கிப் போச்சு எண்டு. சொல்லுவீரோ?”

இதை நான் எதிர்பார்த்திருந்தேன். பத்து நாளும் நான் வாய் திறக்காமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

“உங்கடை விளம்பரம் எவ்வளவு நினைவகம் பிடிக்குது?” என்று கேட்டேன்.

“எது?”

“முன்னறைத் திரையிலை பகல் முழுக்க ஓடுதே, கொம்பனியின்ரை விளம்பரப் படம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் படகிலை நிண்டு சிரிக்கிறார். மீன் பிடிக்கிற ஆள் ஆரும் வெள்ளைச் சட்டையோடை போறதில்லை, அதை விடுவம். பெட்டியிலை பாதிக்கு மேலை அதுதான் தின்னுது. நான் பார்த்திட்டன். நாப்பத்துமூண்டு செய்தியும் சேர்ந்தால் ஒரு பக்கம் எழுத்து வராது, லவன் அண்ணை. நாப்பத்துமூண்டு பேர் ஒரே நேரத்திலை சுகம் எண்டு சொன்னதைத் தாங்க ஏலாத பெட்டியைச் செய்தது நாங்கள். அவ செபம் சொன்னவ. அவ்வளவுதான்.”

அவர் கொப்பியைத் திரும்ப விரித்தார்.

“இன்னொண்டு கிடக்கு. நீங்கள் யோசிக்கேல்லை எண்டு நினைக்கிறன். செய்தி வந்து சேர்ந்தால் படகிலை பச்சை வெளிச்சம் எரியும். அந்தப் பதிலை அனுப்புறது ஆர்?”

“ரேடியோச் சிப்.”

“எப்ப?”

சிப் செய்தியைப் பிடித்த கணமே பதில் அனுப்பிவிடும். மேலே இடம் கிடைத்ததா, திரையில் விழுந்ததா என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அது நிற்பதில்லை.

“பிலிப்பண்ணை ஒருக்காத்தான் அமத்தினவர்,” என்றேன். “ரெண்டாந்தரம் அமத்தியிருந்தால் அது விழுந்திருக்கும், அதுக்கிடையிலை மற்றவை அமத்தி முடிஞ்சிருப்பினம். ஏன் அமத்தேல்லை? பச்சை எரிஞ்சது. ஆக்கள் வருகினம் எண்டு நினைச்சுக்கொண்டு தண்ணிக்குள்ளை இருந்தவர். ஒன்பது புள்ளி நாற்பத்தேழு, எழுபத்தொன்பது புள்ளி அறுபத்தொண்டு. நெடுந்தீவுக்கு அங்காலை. தேடப் போனவங்கள் அடுத்த நாள் வடக்கைதான் போனவங்கள்.”

பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது. லவன் அண்ணை அதைத் தள்ளி வைத்தார்.

“என்ரை மூத்தவள் இந்த வருசம்தான் கம்பசுக்கு எடுபட்டவள்,” என்றார். “நான் பிரதி எடுத்தால் ஆர் எடுத்தது எண்டு பதிவாகும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டு கேக்கிறீர்.”

“ஓம். தெரிஞ்சுகொண்டுதான் கேக்கிறன்.”

கோயில் மணி அடித்தது.

சாத்திய கதவுக்கு அங்கால் பெண்களின் குரல் அடங்கியது. நான் கதவைத் திறந்தேன். வெள்ளைச் சட்டைக்காரர் திரையிலிருந்து மறைந்தார். பெயர்கள் விழத் தொடங்கின. முன்பு போல் மளமளவென்று இல்லை. பயந்தவர்கள் போக மிஞ்சியவர்கள்தான். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெண் நெற்றியைத் தொட்டா. நான் எண்ணினேன். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்றைக்குப் பதினெட்டாவதில் வரவேண்டும். பதினாறு. பதினேழு.

படகு 31 றெக்ஷன் சுகம்ண்ணி ஏறுது

யாரோ ஒருவ “யேசுவே” என்றா. றெக்ஷனின் தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றா.

எனக்குப் பின்னால் லவன் அண்ணையும் வந்து நின்று பார்த்தார். கொப்பியில் பார்ப்பது வேறு. அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. பிரதி எடுப்பார் என்று நினைத்தேன். அந்தக் கணம் அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

அவர் திரும்பி உள்ளே போனார். மேசைக்கு அடியில் குனிந்து பிளக்கைக் கழற்றினார். பெட்டியில் இருந்த சின்ன விளக்கு அணைந்தது. முன்னறையில் திரை கறுத்தது.

மென்பொருள் ஏற்றுவதற்குப் பிளக்கைக் கழற்றத் தேவையில்லை, கட்டளையாலேயே நிப்பாட்டலாம். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

“மன்னிச்சுக்கொள்ளும்,” என்றார், குனிந்தபடியே. “இனி உம்மட்டை ஒண்டும் இல்லை, நிமலினி. கேட்டுப் பார்த்தீர், கிடைக்கேல்லை. வீட்டை போம். திங்கக்கிழமை வேலைக்கு வாரும். இது நடக்கேல்லை எண்டு நான் விடுறன்.”

“நான் இருக்கிறன்தானே,” என்றேன்.

“என்ன?”

“பெட்டியிலை இருந்தது போட்டுது. எழுதின ஆள் போகேல்லை. அந்தச் சொல்லைப் போட்டது நான். அது என்னத்தைச் செய்யும் எண்டு எனக்குத் தெரியும். சத்தியம் பண்ணிச் சொல்லப் பிரதி தேவையில்லை.”

“உம்மைத்தான் பிடிப்பினம்.”

“பிடிக்கட்டும்.”

“கொம்மா என்ன சொல்லுவா?”

கழுத்தில் கிடந்த கொம்பனி அட்டையைக் கழற்றி, ஆறிப்போன பிளேன்ரீக்குப் பக்கத்தில் வைத்தேன். கொப்பியை எடுத்துக்கொண்டேன்.

முன்னறையில் பெண்கள் கறுத்த திரையைப் பார்த்தபடி நின்றார்கள். “பிள்ளை, கரண்ட் போட்டுதோ?” என்று றெக்ஷனின் தாய் கேட்டா.

“இல்லையக்கா, நிப்பாட்டினவை. திரும்பப் போடுவினம். ஆனால் வாற ஆக்களிட்டைச் சொல்லுங்கோ, பச்சை எரிஞ்சாலும் விடாமல் அமத்தச் சொல்லி. கரையிலை இருந்து ஆரும் வந்து சேரும்வரை அமத்தச் சொல்லுங்கோ.”

“அப்ப அது ஆத்துமா இல்லையோ?”

“இல்லை. அவர் உயிரோடை இருக்கேக்கை சொன்னது.”

நான் அவர்களை விலத்திக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

லவன் அண்ணைக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. மத்தியானமே நான் ஜொய்சியக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கடிதம் மேசையில் இருந்தது, அதன்மேல் பேனை. “கையெழுத்து வையாதேங்கோ அக்கா. பின்னேரம் வந்து ஏன் எண்டு சொல்லுறன். சொன்னால் என்னோடை கதைக்க மாட்டீங்கள்,” என்றேன். அவ பேனையை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா.

முதலில் பச்சை வெளிச்சத்தைச் சொல்ல வேண்டும். பிறகு நான் நிரலில் போட்ட சொல்லை. மணியைப் பற்றி அவவே கேட்பா. கேட்டால் மறைக்கமாட்டேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். அவவின் வீட்டு வாசலில் விளக்குப் போட்டிருந்தது.